தட்டு வேறு, மேசை ஒன்று

நடுவர் அவர்களே, வணக்கம். "ஊர் அமைதியாக இருக்க எது நல்லது? அவரவர் சமூகத்துக்குத் தனிச் சேவையா, எல்லாருக்கும் பொதுச் சேவையா?" இதுதான் தலைப்பு. நான் பொதுச் சேவை அணி.

எதிரணித் தங்கை நன்றாகவே பேசினார். நம்ம சிங்கப்பூர் உணவங்காடியில் தட்டு வைக்கும் இடமே ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டாகத்தானே இருக்கிறது, அதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டார். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை அங் மோ கியோவில், என்னோடு வேலை பார்க்கும் மலாய் அக்காவும் நானும் சாப்பிடப் போனோம். நல்ல கூட்டம். ஒரு மேசையில் சீனத் தாத்தா ஒருவர் பன்றி இறைச்சி நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்ததும் தன் கோப்பையை இழுத்துக்கொண்டு இடம் விட்டார். அக்காவுக்கு நாசி லெமாக், எனக்குத் தோசை. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகள் இரண்டு பக்கமாகப் போயின, கை கழுவியது ஒரே குழாயில். தட்டு கலந்துவிடாது என்ற நிம்மதி இருப்பதால்தான் அக்கா அந்த மேசையில் உட்காருகிறார். அங்கே பிரிவது பாத்திரம், ஆள் இல்லை.

இப்போது தமிழ்நாட்டு டீக்கடையின் இரட்டைக் குவளையை நினைத்துப் பாருங்கள். ஒரே பாலில் போட்ட டீ, குவளை மட்டும் வேறு. சக மனிதனை வெளியே நிறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது! பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில் நிலையங்களில் இந்துவுக்குத் தனித் தண்ணீர், முஸ்லிமுக்குத் தனித் தண்ணீர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று குடிநீர்க் குழாயே இரண்டு. 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதை 1896-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றது. பள்ளிக்கூடத்தில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்வதற்குள் 58 வருடம் ஓடிவிட்டது.

சண்டை ஓயும்வரை கொஞ்ச நாள் பிரித்து வைக்கலாமே என்றும் தங்கை சொன்னார். போஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நடந்த போருக்குப் பிறகு அப்படித்தான் தற்காலிகம் என்று ஆரம்பித்தார்கள். ஒரே பள்ளிக் கட்டடம், போஸ்னியாக் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், குரோட் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல், சில இடங்களில் காலை ஒருவர் மாலை ஒருவர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரும் ஆகிவிட்டார்கள், அந்த ஏற்பாடு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்புறம், எல்லாரையும் கலந்து குடியிருக்க வைக்கும் பொது ஏற்பாட்டால் சிறுபான்மைக்கு நஷ்டம் என்று தங்கை காட்டியது, 1989-இல் வந்த நம் வீடமைப்பு இன விகிதம். அரசு அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றிலும் எந்த இனத்தவர் எத்தனை பங்கு வரை இருக்கலாம் என்ற உச்சவரம்பு அது. புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருபவர் குறைவு, விலையும் குறையும். இதில் தங்கை சொன்னது உண்மை. என் அண்ணன் எட்டு மாதம் காத்திருந்தார், கடைசியில் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். அந்த நஷ்டத்தைச் சிறுபான்மைக் குடும்பம் மட்டும் சுமப்பது நியாயமே இல்லை, அதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஆனால் விகிதமே வேண்டாம் என்று சொல்வாரா என்று அண்ணனிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். புது வீட்டின் மாற்றுச் சாவி இப்போது எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் இருக்கிறது. தீபாவளிக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் பாட்டி வாசலில் நிற்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.