காற்றுக்குக் குனியும் சிறுமி

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்க, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் கைபேசியில் கேம் ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் கணினி சொல்லிக்கொடுப்பவன். "சார், நம்ம ஊர்க் கதைய வச்சு கேம் செய்ய முடியுமா?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலாஸ்காவில் ஆங்கரேஜ் என்ற நகரம். அங்கே பூர்வகுடி மக்களுக்காக இயங்கும் அமைப்பு, குக் இன்லெட் பழங்குடி மன்றம். அரசுப் பணத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது, நம் கதைகளும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள், வீடியோ கேம் செய்ய முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அப்பர் ஒன் கேம்ஸ். கேம் செய்யும் அனுபவத்துக்கு ஈ-லைன் மீடியா என்ற நிறுவனத்தோடு கைகோத்தார்கள். பிறகு 2014-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் தொடங்கிய விதம். எடுத்துக்கொண்டது அலாஸ்காப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான இன்யூப்பியாக் மக்களின் பழைய கதை. ஓயாமல் வீசும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் கதை. அதைச் சொன்ன ராபர்ட் கிளீவ்லண்ட் காலமாகிவிட்டார். ஊர்க் கதைதானே என்று அள்ளிக்கொள்ளவில்லை. அவருடைய மகள் மின்னி கிரேயைத் தேடிப் போய் அனுமதி கேட்டார்கள். பெரியவர்கள், கதைசொல்லிகள் என ஏறக்குறைய 40 பேர் அந்த வேலையில் பங்கெடுத்தார்கள். கதை சொல்லும் குரலும் இன்யூப்பியாக் மொழியில்தான். மற்றவர்கள் கீழே வரும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டும்!

2014 நவம்பரில் 'நெவர் அலோன்' என்ற பெயரில் அந்தக் கேம் வந்தது. நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் சேர்ந்து போகிறார்கள். ஒருவர் விழுந்தால் ஆட்டம் முன்னே நகராது. எதிர்க்காற்று அடித்தால் குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தூக்கி எறிந்துவிடும். அதே காற்று முதுகுப்பக்கம் வந்தால் அதை நம்பித் தாவலாம், வழக்கத்தைவிட நெடுந்தூரம் போகலாம். பாய்மரம் கட்டிய நம் ஆட்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? இடையிடையே அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசும் 24 சிறு படங்களும் உண்டு. 2015-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது, இதற்குக் கிடைத்தது.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம். எந்தக் காற்றில் வலை போடலாம், எதில் கரை திரும்ப வேண்டும் என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரியும். பாசி எடுக்கப் போகும் நம் பெண்களுக்கு நீரோட்டம் தெரியும். நூனாவைப் போல ஒரு சிறுமி பாம்பன் கால்வாயில் இறங்கினால், அவளுக்கு வழி சொல்ல இவர்களுடைய குரல்தான் வேண்டும்.

அந்தப் பையன் இப்போது நோட்டும் கையுமாகத் தாத்தா பின்னால் சுற்றுகிறான். வீட்டில் கேட்டால் அவர் சொல்ல மாட்டாராம். "கரைக்கு வா, காத்து மூஞ்சில படணும், அப்பத்தான் எனக்குச் சொல்ல வரும்" என்றாராம். கச்சான் வரைக்கும் எழுதியாயிற்று. வாடை அடிக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன, காத்திருக்கிறான். வணக்கம்.