தாலாட்டை எங்கே நிறுத்துவது

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை கண்மூடி நன்றாக அயர்ந்து போகும்வரை பாடிக்கொண்டே இருப்பதுதான் தாலாட்டு என்று பலரும் நினைக்கிறோம். பாட்டு ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது. மறுபடி முதல் வரியிலிருந்து பாட வேண்டியதாகிறது. பாடுவது பாதி வேலைதான். எங்கே வேகத்தைக் குறைக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.

முதலில் வயதைப் பார்த்துவிடுவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. அதற்கு இரவு பகல் தெரியாது. இரவில் சுரந்து தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஓர் ஒழுங்குக்கு வரவே சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துத் தூங்கவைக்க முயன்று நீங்கள் களைத்துப்போக வேண்டாம். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் அமைதியும் இருந்தால் போதும்.

அடுத்தது, எப்போது தொடங்குவது? பிறந்த குழந்தை ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே அதிகம். நாலு மாதக் குழந்தை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தாங்கும், ஆறு மாதத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். கொட்டாவி விடும், உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ வெறிக்கும், புருவம் லேசாகச் சிவக்கும், காதைப் பிடித்து இழுக்கும். அப்போதே தொடங்கிவிடுங்கள். அழுகை வரட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். களைப்பு மீறிய குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு தூக்கத்தோடு போராடும்.

இரவு வழக்கத்துக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். விளக்கைக் குறைப்பது, வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடக் குளியல் அல்லது துடைப்பு, பால், டயப்பர், பிறகு பாட்டு, படுக்கை. இதில் எதை வேண்டுமானாலும் விடலாம், ஆனால் வரிசையை மட்டும் தினமும் மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று குழந்தை முன்கூட்டியே அறிவது இந்த வரிசையால்தான். நாலைந்து மாதத்துக்குப் பிறகு பாலைப் பாட்டுக்கு முன்னால் கொடுத்துவிடுவது நல்லது. பால் குடித்தபடியே தூங்கிப் பழகிய குழந்தை, நடு இரவில் பசி இல்லாமல் விழித்தாலும் பாலைத்தான் தேடும். சின்னக் குழந்தை குடித்துக்கொண்டே தூங்கிவிடுவது இயல்பு, அதை எழுப்ப வேண்டாம்.

இனி பாட்டு. குரல் நன்றாக இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் கேட்டிராத துருக்கிய மொழிப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் சராசரியாக ஒன்பது நிமிடம் அழாமல் இருந்தார்கள். வெறும் பேச்சுக்கு அதில் பாதி நேரம்கூட இல்லை. மொழி புரியத் தேவையில்லை. நீண்ட உயிரோசை, ர, ல போன்ற மெல்லிய எழுத்துகள், அதிகம் ஏறி இறங்காத மெட்டு, இவைதான் வேலை செய்கின்றன. 'ஆராரோ' என்று இழுத்தாலே இவ்வளவும் வந்துவிடுகிறது.

அழும் குழந்தையிடம் எடுத்தவுடன் மெல்லிய குரலில் பாடினால் அதன் காதில் விழாது. அழுகைக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில், சற்று உரத்த குரலில் தொடங்குங்கள். அழுகை இறங்க இறங்க நீங்களும் இறங்குங்கள். இரண்டாம் சுற்றில் வேகம் குறையட்டும், மூன்றில் குரல் தாழட்டும். பிறகு சொற்களை விட்டுவிட்டு வெறும் முனகலாக்குங்கள், முனகலுக்கு இடையே மூச்சு அளவுக்கு இடைவெளி விடுங்கள். இமை பாதி மூடி, பார்வை நிலைகுத்தி, கைவிரல்கள் விரியும்போது நிறுத்திவிடுங்கள். தூக்கத்துக்குள் போகும் கடைசி அடியைக் குழந்தை தானே எடுத்துவைக்கட்டும். இது முதல் நாளே கைகூடாது. சிணுங்கினால் மறுபடி முனகுங்கள், அதில் தவறில்லை. அந்தப் பாட்டை இரவுத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டிலும் அதையே பாடினால் அது தூக்கத்துக்கான அடையாளமாக இருக்காது.

கைபேசியில் ஓடும் பாட்டு குழந்தையின் முகத்தைப் பார்த்து வேகம் குறைக்காது. அதுதான் தேவை என்றால் திரையைக் கவிழ்த்து, இரண்டு மீட்டருக்கு அப்பால் வைத்து, மெல்லிய ஒலியில் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

தோளில் தூங்கிய குழந்தை படுக்கையில் வைத்ததும் விழிப்பது ஏன்? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022இல் இதைப் பார்த்தது. முதுகு மெத்தையைத் தொடும்போது அல்ல, உங்கள் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும்போதே குழந்தையின் இதயத் துடிப்பு மாறுகிறது. அழும் குழந்தையை ஐந்து நிமிடம் சீராக நடந்து தூங்கவைத்து, பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அதன் பின் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். ஆய்வில் இருந்தது 21 குழந்தைகள்தான், ஆனாலும் செய்து பார்க்கத் தகுந்த யோசனை. குழந்தையின் கையை லேசாகத் தூக்கி விடுங்கள், துணிபோல விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். படுக்கையில் முதலில் பின்புறம் படட்டும், பிறகு முதுகு, கடைசியில் தலை. நெஞ்சில் வைத்த உள்ளங்கையை ஒரு நிமிடம் கழித்து எடுங்கள்.

படுக்கவைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், பகல் தூக்கத்துக்கும் அப்படியே. மெத்தை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் அருகில் கூடாது. துணியில் சுற்றிப் படுக்கவைப்பவர்கள், குழந்தை புரள முயலத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும். முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, தனிப் படுக்கையில்.

நடு இரவில் விழித்தால் உடனே பாய்ந்து தூக்காதீர்கள். தூக்கத்திலேயே நெளிவதும் முகம் சுளிப்பதும் குழந்தைகளுக்கு உண்டு. ஒரு நிமிடம் பாருங்கள். உண்மையாகவே விழித்திருந்தால் விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் தேவையானதைச் செய்யுங்கள். முழு வழக்கமும் வேண்டாம், பாட்டின் கடைசி முனகல் போதும்.

என்ன செய்தும் அழுகை ஓயவில்லை என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நன்றி, வணக்கம்.