நாலாவது இடத்தில் இருந்த கல்லூரி

நடுவர் அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மாருக்கும், பெற்றோருக்கும், பின்வரிசையிலே கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கிற ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும் வணக்கம். மறைத்தாலும் தெரியும் கண்ணுகளா. இருபத்திரண்டு வருடமாக இதே வேலையாகத்தான் இருக்கிறேன்.

ப்ளஸ் டூ மாணவரை மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஆயத்தப்படுத்துவதில் பெரும்பங்கு பள்ளிக்கா, வீட்டுக்கா என்பது தலைப்பு. நான் பள்ளியின் பக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி வேதியியல் டீச்சர் வேறு எந்தப் பக்கம் நிற்பாள் என்று கேட்காதீர்கள். எனக்கும் வீட்டிலே ஒரு பையன் இருக்கிறான். அவன் வகுப்பிலிருந்து வந்த சுற்றறிக்கையை இஸ்திரிக்குப் போட்ட சட்டைப் பையில் கண்டுபிடித்த அம்மா நான். வீட்டின் யோக்கியதை தெரிந்துதான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் கலாம் ஐயா கதையைச் சொன்னார். சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது, கட்டப் பணம் இல்லை, அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்துவிட்டார், வீடு என்றால் அது என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அண்ணன் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். எம்ஐடிக்கு முன்னால் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தார். ஏன் அதில் சேர்ந்தார்? இன்டர்மீடியட், அதாவது அந்தக் காலத்து ப்ளஸ் டூ, முடித்தபோது வேறு என்னென்ன படிப்பு இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்கிறார். பட்டம் கைக்கு வந்த பிறகுதான், நமக்கு வேண்டியது பொறியியல் அல்லவா என்று புரிகிறது. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவா? வளையலைக் கழற்றிக் கொடுக்க அக்கா தயாராகத்தானே இருந்தார்! எந்தக் கல்லூரிக்காக எப்போது கழற்றுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதே பையனுக்குப் பறக்கிற ஆசையை ஊட்டியது யார்? ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டக் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போன சிவசுப்பிரமணிய ஐயர். அவர் என் கட்சி, நடுவரே!

கலாம் காலத்துக் கதையை விடுவோம், நம் ஊருக்கு வருவோம். என் வகுப்பிலே ஒரு பிள்ளை. அப்பா லோடு ஆட்டோ, அம்மா நூறு நாள் வேலை. கணக்கில் 82, இயற்பியலில் 84, வேதியியலில் 80. பின்னால் ரெண்டையும் பாதியாக்கிக் கணக்கோடு கூட்டினால் கட் ஆஃப் 164. அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண். அவளுக்கு இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு வேண்டும், மாவட்டத்திலேயே இருக்கிற அரசுப் பொறியியல் கல்லூரியில் வேண்டும். கவுன்சலிங் ஆன்லைன், வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் நாமே போட வேண்டும். "சாய்ஸ் போடும்போது பள்ளிக்கூடத்துக்கு வாம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அப்பாவுக்குக் கூச்சம், டீச்சரை லீவிலேயும் தொந்தரவு பண்ணுவதா என்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலே ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே இருந்த தம்பி அரை மணி நேரத்தில் ஒன்பது கல்லூரியைத் தட்டிவிட்டு லாக் செய்து கொடுத்துவிட்டான். முதலிடத்தில் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் கல்லூரி. அந்தக் கல்லூரி பஸ் தினமும் அவன் கடை வாசலில்தான் நிற்கும், பேர் பழக்கம். இவள் கேட்ட அரசுக் கல்லூரி நாலாவது இடத்தில்.

இங்கேதான் சூட்சுமம். கவுன்சலிங் கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். உங்கள் ரேங்குக்கு முதல் சாய்ஸ் காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். நாலாவதுக்கு இறங்கவே இறங்காது. முதலிடத்தில் போட்டது கிடைத்துவிட்டால் 'மேலே இருப்பது வேண்டும்' என்று கேட்கவும் வழியில்லை, மேலேதான் ஒன்றுமே இல்லையே! அந்தப் பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் இடம் இருந்ததா என்று பிறகு பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ரேங்க் வாங்கியவருக்கு அங்கே அதே இசிஇ கிடைத்திருந்தது. "அந்தத் தம்பி கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் டீச்சர், தப்பாப் போட மாட்டான்னு நெனச்சேன்" என்றார் அப்பா. அவரிடம் என்ன கோபித்துக்கொள்ள முடியும்? இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறுகிறாள்.

அடுத்த வருடம் தங்கச்சியை அப்பாவே பள்ளிக்கு அழைத்து வந்தார். ஆய்வகத்திலே மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பிடித்தது மேலே, கிடைக்கக்கூடியது கீழே. முதல் நாள் முழுக்க "கிடைக்காததை எதுக்கு மிஸ் மேல போடணும், சான்ஸ் போயிடுமே" என்று சண்டை. போகாது என்று புரிய வைக்கவே ஒரு நாள் ஆனது. அலாட்மென்ட் வந்த அன்று ராத்திரி ஏழரைக்கு போன். திரையிலே ஐந்து கேள்வி. ஏற்றுக்கொண்டு சேர்கிறாயா? ஏற்றுக்கொள்கிறேன், மேலே இருப்பது காலியானால் அது வேண்டும் என்கிறாயா? இது வேண்டாம், மேலே இருப்பது மட்டும் வேண்டுமா? அடுத்த சுற்றுக்கு வருகிறாயா? இல்லை, ஆளை விடுங்கள் என்கிறாயா? எல்லாம் ஆங்கிலத்தில், ஓரிரு நாள்தான் அவகாசம். எதிரணி அண்ணன்மாரே, இந்த ஐந்துக்கும் வித்தியாசம் உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும், கை தூக்குங்கள். நடுவரே, நீங்களும் தூக்கலாம். யாரும் தூக்கவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வீடு எப்படி வழி சொல்லும்? முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று அரசாங்கமே ஒன்று கொடுக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? 'இந்த வீட்டில் இதற்கு முன் யாரும் இந்த வழியில் போனதில்லை' என்று தாசில்தார் அலுவலகமே எழுதிக் கொடுக்கிறது என்றுதானே! அந்தச் சான்றிதழால் கட்டணச் சலுகை உண்டு, அதையும் குடும்பத்தில் ஒருவர்தான் வாங்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்வதும் வகுப்பாசிரியர்தான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவருக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கு 2021இல் வந்தது. அதற்கும் சான்று பள்ளியிலிருந்துதான். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அதற்கு வேண்டிய பள்ளி விவரம் எங்கள் பதிவிலிருந்துதான் போகிறது.

சரி, தேதிக்கு வருவோம். பல வீடுகளில் 'ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்' என்கிறார்கள். ரிசல்ட் மே மாதம் வரும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். ஐஐடி, என்ஐடி பக்கம் போகிறவர்களுக்கான ஜேஇஇ முதல் சுற்று ஜனவரியில், விண்ணப்பம் அதற்கும் முன்னால். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், மருத்துவத்துக்கான நீட், ரெண்டுக்கும் விண்ணப்பம் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து போய்விடும். ரிசல்ட் பார்த்துவிட்டு லட்டு வாங்கப் போகும்போது பாதிக் கதவு சாத்தியாகிவிட்டது. அதனால்தான் என் வகுப்புக் கரும்பலகையில் வலது மேல் மூலையில் இந்தத் தேதிகளுக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஆகஸ்டிலிருந்து அழிக்கக் கூடாது. அழித்தால் அன்றைக்கு அவனுக்கு உப்புப் பகுப்பாய்வு இரண்டு தடவை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, 'பள்ளி என்பது மதிப்பெண் தொழிற்சாலை, பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டை இரண்டு வருடம் உருப்போட வைத்தார்கள்' என்று விளாசினார். மறுக்க மாட்டேன். அப்படிச் சில பள்ளிகள் நடந்ததும் ஒரு காரணமாகத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அடிப்படைப் பாடம் இல்லாமல் இன்ஜினியரிங் போன பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கிலேயே அரியர் வாங்கிக்கொண்டு நின்றதும் உண்மை. ஆனால் தம்பி, அந்தப் பள்ளிகளின் வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று இடம் வாங்கியது யார்? உங்கள் கட்சிக்காரர்கள்தானே!

ப்ளஸ் ஒன்னில் குரூப், அதாவது பாடப்பிரிவு, எடுப்பதையும் பாருங்கள். பதினைந்து வயதில் எடுக்கிற முடிவு. கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பெரும்பாலும் பி.இ. கவுன்சலிங் பக்கமே போக முடியாது என்று தெரியாமல், சித்தப்பா மகன் எடுத்தான், இவனும் எடுக்கட்டும் என்று முடிவாகிறது. சித்தப்பா மகன் இப்போது என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' என்று நடத்துகிறார்கள். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். பாதி எண் உபயோகத்தில் இருக்காது. போன வருடம் ஒரு பையன், என்னிடம் வேதியியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன், மூன்றாவது தடவை எடுத்தான். செல்போன் கடையில் வேலையாம். "வீட்டுல போதும்னுட்டாங்க மிஸ்" என்றான். ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், இரண்டே வருடத்தில் டிப்ளமோ, அதை முடித்தால் பி.இ.யிலும் நேரே இரண்டாம் வருடம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இது எங்க அப்பாவுக்குத் தெரியாது மிஸ், நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தேதிக்குள்ள டீச்சர்?"

அதற்குள் மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. பள்ளிக்கூடத்து ஆள், மணி அடித்தால் நிறுத்தித்தான் பழக்கம். வணக்கம்.