மூத்தவர்களுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர்: முதலில் கட்டைவிரலைப் பாருங்கள்

[காட்சி: ஸ்கூட்டரின் கைப்பிடி, மிக நெருக்கத்தில்]

"ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நடக்கச் சிரமப்படும் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து ஓட்ட மொபிலிட்டி ஸ்கூட்டர் என்னும் மின்வண்டி வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது அவருடைய கட்டைவிரலை.

கைப்பிடிக்கு அடியில் இந்தச் சின்ன நெம்புகோலைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி நகரும். விட்டால் தானாகவே பிரேக் பிடித்து நிற்கும். சைக்கிள் ஓட்டிப் பழகிய கைக்கு இது நேர்மாறு. சைக்கிளில் பதறினால் கையை இறுக்குவோம், நின்றுவிடும். இதில் பதறி இறுக்கினால் வண்டி பாயும். அதனால் கடையிலேயே வேகக் குமிழை ஆகக் குறைவில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். திடீரென்று "நில்லுங்க" என்று சொல்லி, கையை விடுகிறாரா என்று பத்துத் தடவையாவது பாருங்கள். கை விடவே வரவில்லை என்றால் வாங்க வேண்டாம். முதலில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனைப் பார்த்துப் பயிற்சி தருபவர்) காட்டுங்கள்.

மூட்டுவாதத்தில் கட்டைவிரல் வலிப்பவருக்கு வளையம்போல மூடிய கைப்பிடி நல்லது. மற்ற விரல்களாலும் இழுக்கலாம். பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்திருந்தால், நெம்புகோலை மறுபக்கம் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

[காட்சி: இருக்கை பக்கவாட்டில் திரும்புகிறது]

ஏறி இறங்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். இருக்கையைப் பக்கவாட்டில் திருப்பியதும் 'டக்' என்று பூட்டு விழ வேண்டும். பூட்டு விழாமல் எழுந்தால் இருக்கை சுழன்று ஆளைத் தள்ளிவிடும். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தளத்தில் பதிய வேண்டும்.

மூன்று சக்கரமா, நான்கா? மூன்று சக்கரம் குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும், கால் நீட்டவும் இடம் இருக்கும். ஆனால் வேகமாக வளைத்தாலோ, சரிவில் குறுக்கே போனாலோ சாயும். உட்கார்ந்தபடி உடம்பு ஒரு பக்கம் சாய்கிறவருக்கு நான்கு சக்கரமே எங்கள் தேர்வு. எந்த வண்டியானாலும் சரிவில் நேராக ஏறி நேராக இறங்கப் பழக்குங்கள்.

அடுத்தது அளவு நாடா. வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, லிஃப்டின் உள்நீளம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் ஓட்டும் வண்டிக்கு வரம்பு: அகலம் 70 சென்டிமீட்டர், நீளம் 120, உயரம் 150, ஆளோடு சேர்த்து எடை 300 கிலோ. வேக வரம்பு 2026 ஜூன் 1 முதல் மணிக்கு 6 கிலோமீட்டர். வாசலுக்கு வெளியே நிறுத்துவதானால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். காரில் ஏற்றுவதானால் மொத்த எடையைக் கேட்காதீர்கள். கழற்றியபின் ஆகக் கனமான பாகம் எத்தனை கிலோ என்று கேட்டு, தூக்கப்போகிறவரே தூக்கிப் பாருங்கள்.

பேட்டரி பெரும்பாலும் 24 வோல்ட். ஈய-அமில வகை என்றால் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் சமதளத்துக்கும் புதுப் பேட்டரிக்கும் உரியது. பாதிதான் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஈய-அமில பேட்டரியைத் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜே நிற்காது. ஓட்டிய அன்றே சார்ஜ் போடுங்கள், ஆனால் எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே மாட்டுங்கள்.

[காட்சி: பின்சக்கரத்துக்கு அருகே இன்னொரு நெம்புகோல்]

கடைசியாக இது. சக்கரத்தை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவித்து, வண்டியைக் கையால் தள்ள உதவுவது. விடுவித்த நிலையில் பிரேக் வேலை செய்யாது. சரிவில் இருந்தால் ஆளோடு உருண்டுவிடும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதைத் தொடாதீர்கள். தள்ளி முடித்த கையோடு பழைய நிலைக்குத் திருப்பி, ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்; சக்கரம் அசையக் கூடாது.