திரும்பிப் போகாத நோட்டுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் என்னென்ன பழைய நோட்டுகள் வாங்கினீர்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பட்டியல் வாசிக்க ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். மீதிப் பேர் சேகரிப்பாளர்கள். அவர்கள் விலை கேட்பார்கள். இரண்டுக்கும் நான் தயாரில்லை. வாங்கியதையெல்லாம் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேசுகிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய வங்கியின் பழைய நோட்டு லேசில் கிடைப்பதில்லை. நொடித்துப்போன வங்கியின் நோட்டும் கவிழ்ந்துபோன அரசாங்கத்தின் நோட்டும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. ஏன்?

பழைய நோட்டு அடிப்படையில் ஒரு கடன் சீட்டு. இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. வங்கி வாக்குத் தவறாதது என்றால் நோட்டு ஒருநாள் அதன் வாசலுக்கே திரும்பி வரும். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தைக் கிழிப்பார்கள், பதிவேட்டில் அடிப்பார்கள், பிறகு எரிப்பார்கள். வேலை முடிந்த நோட்டு சாம்பலாகிவிடும். நம் கைக்கு வருவதெல்லாம் அப்படித் திரும்பிப் போகாதவை. ஒன்று, எங்கோ தொலைந்து கிடந்திருக்கும். இல்லையென்றால் கொடுக்க வேண்டியவனே காணாமல் போயிருப்பான்.

இங்கிலாந்து வங்கியைப் பாருங்கள். புழக்கத்திலிருந்து எடுத்த எந்தப் பழைய நோட்டைக் கொண்டுபோனாலும் முகமதிப்பை இன்றைக்கும் கொடுக்கிறது. அந்த நேர்மைதான் என்னைப் போன்றவர்களுக்கு எதிரி. பிரெஞ்சுப் போர்க்கால நெருக்கடியில், 1797இல், அந்த வங்கி முதன்முதலாக ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. ஒரு பக்கம் மட்டும் அச்சான எளிய வெள்ளைத் தாள். கள்ளநோட்டு அடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். 1821 வரையிலான அந்த இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் நோட்டு மோசடிக்காக 300க்கும் மேற்பட்டோரைத் தூக்கில் போட்டார்கள். பெரும்பாலும் ஏழைகள், அடித்தவர்களைவிட, மாற்றப்போய் மாட்டிக்கொண்டவர்களே அதிகம். 1819இல் ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்ற ஓவியர் தூக்குக்கயிறுகளை வரைந்து ஒரு கேலி நோட்டே அச்சிட்டார். அந்த ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு வரிசையில் ஒரு நோட்டுக்காக இந்த ஆண்டு முழுக்க ஏலப் பட்டியல்களைப் புரட்டினேன். கிடைத்தது நடுவில் வெட்டுப்பட்டு, பின்பக்கம் காகிதப் பட்டை வைத்து ஒட்டப்பட்ட ஒரு நோட்டு. வழிப்பறிக்குப் பயந்து, நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகு மறுபாதியை அனுப்புவது அன்றைய வழக்கம். கிரேடு பார்ப்பவர்கள் இதைப் பழுது என்று எழுதுவார்கள். எழுதட்டும். வெட்டாத நோட்டைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இதற்கு நேரெதிர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பு அடித்த நோட்டுகள். 1864ஆம் ஆண்டு நோட்டில் உள்ள வாசகத்தைப் படியுங்கள்: இரண்டு நாடுகளுக்கும் இடையே சமாதான உடன்படிக்கை உறுதியாகி இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தத் தொகை தரப்படும். அந்த உடன்படிக்கை ஏற்படவேயில்லை. 1865இல் கூட்டமைப்பே இல்லாமல் போனது. திரும்பிப் போக வாசல் இல்லாததால் நோட்டுகள் பெட்டிகளிலும் பரண்களிலும் அப்படியே தங்கிவிட்டன. புதிதாகச் சேகரிக்க வருபவர்களும் தொடக்கத்திலேயே வாங்க முடிகிற அளவுக்கு இன்னும் கிடைக்கின்றன.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. சாமுவேல் அப்பம் என்று பிலடெல்பியாவில் ஒரு கடைக்காரர். போர் நடக்கும்போதே, 1862இல், எதிரி நாட்டு நோட்டின் நகலை 'நினைவுப் பொருள்' என்று அச்சிட்டு விற்றார். அடியோரத்தில் தன் பெயரும் முகவரியும் போட்டு, இது நகல் என்றும் ஒழுங்காக எழுதியிருந்தார். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? கத்தரிக்கோலை எடுத்து அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத் தெற்கே கொண்டுபோய்ச் செலவழித்தார்கள். ஓரம் வெட்டப்படாத அப்பம் நகலைத் தேடி இன்று சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். பல சமயம் அசலைவிட நகலுக்கு விலை அதிகம். எனக்குக் கிடைத்தது ஓரத்தில் பாதி போனது. வெட்டியவனுக்குக் கை நடுங்கியதோ என்னவோ, கடைசி நான்கு எழுத்துகளை விட்டுவைத்திருக்கிறான்.

இனி இந்த ஆண்டின் பெரிய வரவுக்கு வருகிறேன். சீனத்து மிங் வம்சத்தின் ஒரு குவான், அதாவது ஆயிரம் காசு, மதிப்புள்ள நோட்டு. 1375இல் ஹோங்வு பேரரசர் தொடங்கிய வரிசை. நோட்டு என்று சொன்னதும் மடித்துச் சட்டைப் பையில் வைப்பது நினைவுக்கு வரும். இது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். முசுக்கொட்டை மரப்பட்டையிலிருந்து செய்த காகிதம், மழை மேகத்தின் சாம்பல் நிறம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நார் நாராகத் தெரியும். நடுவில் கயிற்றில் கோத்த காசுச் சரங்கள் பத்து வரையப்பட்டிருக்கின்றன. எழுத்துத் தெரியாதவனும் எண்ணிப் பார்த்து ஆயிரம் காசு என்று புரிந்துகொள்ளலாம். மேலே சிவப்பு முத்திரைகள், ஓரமெங்கும் டிராகன்கள். செப்புக் காசோடு சேர்ந்து இதுவும் செல்லும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் இதைக் கொண்டுவந்தால் வெள்ளி தருகிறேன், செம்பு தருகிறேன் என்ற பேச்சே அதில் இல்லை. அச்சடிக்க அடிக்க மதிப்பு சரிந்தது. அடுத்த நூற்றாண்டில் சந்தையில் அதைச் சீந்துவாரில்லை.

நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது கீழ்ப்பகுதியை. கள்ளநோட்டு அடிப்பவனுக்குச் சிரச்சேதம் என்று சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. காட்டிக்கொடுப்பவனுக்கு 250 லியாங் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 9 கிலோ. போதாததற்குக் குற்றவாளியின் சொத்தும் அவனுக்கே. ஆயிரம் காசுத் தாளைக் காப்பாற்ற இவ்வளவு பெரிய வாக்கு!

இப்போது அதன் பக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சியின் அசிஞா என்ற காகித நோட்டு ஒன்றை வைக்கிறேன். 1792ஆம் ஆண்டு. இரண்டு சிறு வட்டங்கள். ஒன்றில், கள்ளநோட்டு அடிப்பவனுக்குச் சட்டம் மரண தண்டனை விதிக்கிறது. மற்றொன்றில், காட்டிக்கொடுப்பவனுக்குத் தேசம் வெகுமதி அளிக்கிறது. நானூறு ஆண்டுகள் தள்ளி, உலகின் மறுகோடியில், பேரரசரே இல்லாத ஒரு குடியரசு அதே இரண்டு வரியை எழுதியிருக்கிறது. இவர்கள் அவர்களைப் பார்த்து எழுதவில்லை. தாளைக் காசு என்று நம்ப வைக்க வேண்டிய இடத்தில் எல்லா அரசுக்கும் வருவது ஒரே யோசனைதான். தண்டனை பலித்ததா? இங்கிலாந்தே கள்ள அசிஞாக்களை அடித்து பிரான்சுக்குள் தள்ளியது. திருச்சபையின் நிலங்களை ஈடாகக் காட்டித் தொடங்கிய அந்தப் பணம் கடைசியில் ஏறத்தாழ 4,500 கோடி லிவ்ருக்குப் பெருகி, 1796 பிப்ரவரியில் அச்சுத் தகடுகளைப் பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் மக்கள் பார்க்க அழித்தார்கள். தகடு போனது, தாள் தங்கியது. அசிஞா இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது.

மிரட்டலோடு கொஞ்சம் மூளையையும் சேர்த்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் அச்சகத்தில் அடித்த பென்சில்வேனியா குடியேற்ற நோட்டிலும் கள்ளநோட்டுக்கு மரணம் என்றுதான் இருக்கும். ஆனால் திருப்பிப் பார்த்தால் ஓர் இலை. வரைந்த இலை கிடையாது. நிஜ இலையை அச்சில் எடுத்து ஈயத்தில் வார்த்தது. முதன்மை நரம்பு, கிளை நரம்பு, அதிலிருந்து பிரியும் மயிரிழை எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு தடிமனில் இருக்கும். எந்தச் செதுக்குக்காரன் கையாலும் அதைத் திரும்பச் செதுக்க முடியாது. நான் வாங்கிய நோட்டு நடுவில் கிழிந்து, யாரோ நூலும் ஊசியும் எடுத்து அதைத் தைத்திருக்கிறார்கள். சட்டையைத் தைப்பதுபோலச் சின்னச் சின்னத் தையல். தையல் இலை நரம்பின் மேலேயே ஓடுகிறது. அந்த நூலை எடுத்துவிட்டு ஒட்டிக் கொடுக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். இந்த ஆண்டு நான் வாங்காமல் விட்டவற்றில் பாதி 'அழகு பார்க்கப்பட்ட' நோட்டுகள். கழுவி, இஸ்திரி போட்டு, ஓரத்தை நறுக்கி, மடிப்பே இல்லாதது என்று விற்பார்கள். கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை நோட்டின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்த மடிப்பு கோடாக எழுந்து நிற்கும். செதுக்குத் தகட்டில் அச்சான நோட்டில் மை மேடாக இருக்கும். அழுத்திய நோட்டில் அது தட்டையாகியிருக்கும். அடுத்து புற ஊதா விளக்கு. கந்தல் துணியிலிருந்து செய்த பழைய காகிதம் மந்தமாகவே தெரியும். இருநூறு வயது என்று சொல்லப்பட்ட நோட்டு அதில் நீலமாகப் பளிச்சிட்டால் ஒன்று காகிதம் புதிது, இல்லையென்றால் சலவைத் தூள் பட்டிருக்கிறது. எனக்கு அந்த ஒரு விளக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சமில்லை.

வயதானால் காகிதம் பலவீனமாகும் என்று நினைப்போம். 1760களின் நோட்டைப் பயமில்லாமல் எடுக்கலாம். பருத்தியும் லினனும் அப்படி. முதல் உலகப் போர்க்கால அவசர நோட்டுகளில் பல மரக்கூழ். அதிலுள்ள அமிலம் உள்ளிருந்தே தின்னும். பழுப்பேறி விளிம்பில் பொடியாக உதிரும். மலிவு பிளாஸ்டிக் உறையும் ஆபத்து: பி.வி.சி.யில் சேர்க்கும் மென்மையாக்கி நாளடைவில் கசிந்து பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறை மட்டும் வாங்குங்கள். செலோ டேப்பைப் பற்றி நான் பேசினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். வாங்கும்போது பழைய விற்பனை விவரத்தையும் ஏற்றுமதி அனுமதியையும் கேட்டு வாங்குங்கள். பல நாடுகளில் தொல்பொருள் சட்டம் நோட்டுக்கும் பொருந்தும்.

ஹங்கேரியின் 1946 நோட்டு ஒன்றும் வாங்கினேன், அரியது என்பதற்காக இல்லை. பத்து கோடி பி-பெங்கோ. ஒரு பி-பெங்கோ என்றால் லட்சம் கோடி பெங்கோ. பழைய பெங்கோ கணக்கில் 1-ஐ அடுத்து 20 சுழியங்கள். புழக்கத்துக்கு வந்த நோட்டுகளிலேயே மிகப் பெரிய முகமதிப்பு. அத்தனை சுழியங்களையும் அச்சிடாமல் எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆகஸ்டு 1இல் போரிண்ட் என்ற புதிய பணம் வந்ததும் கதை முடிந்தது.

மிங் நோட்டு எப்படித் தப்பியது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என்னுடையதன் முழு வரலாறு எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஏலப் படம் ஒன்று வரைக்கும்தான் பின்னால் போக முடிந்தது. ஆனால் இப்படியும் தப்பியிருக்கிறது: 2016இல் ஆஸ்திரேலியாவில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மரச்சிலையின் தலைக்குள்ளே, சுருட்டிச் செருகியபடி ஒரு மிங் நோட்டு இருந்தது. யாரோ காணிக்கையாக வைத்திருக்கலாம். செலவழிக்க நினைத்திருந்தால் நமக்கு வந்திருக்காது.

நான் கொண்டுவந்தவை அந்த ஓர மேசையில் இருக்கின்றன. மிங் நோட்டு நடுவில், அசிஞா அதன் இடப்பக்கம், தையல் நோட்டு வலப்பக்கம். டார்ச்சும் புற ஊதா விளக்கும் வைத்திருக்கிறேன், நீங்களே அடித்துப் பார்க்கலாம். கையுறை வேண்டாம், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள், துணிக் கையுறையில்தான் விளிம்பு மாட்டிக் கிழியும். பேனாவைத் தயவுசெய்து இருக்கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மூன்றில் ஒன்றின் ஓரத்தை யாரோ நறுக்கியிருக்கிறார்கள். எது என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.