பொட்டலத்துக்கு அடுத்து என்ன?

மாணவ நண்பர்களுக்கு வணக்கம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் நீங்கள் அடுத்த வாரம் முதல் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கக் கிளம்புகிறீர்கள் என்று பேராசிரியர் சொன்னார். ரொம்ப சந்தோஷம். சென்னையில் வீடற்றவர்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்னக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். அங்கே பழகிய பிறகு எனக்குப் புரிந்த சில விஷயங்களைப் பேசலாம் என்று வந்தேன்.

பிளாட்பாரத்தில் படுப்பவர்கள் எல்லாரும் பிச்சை எடுப்பவர்கள் என்ற எண்ணத்தோடுதான் பலரும் வருகிறார்கள். பாரிமுனைப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறவர் என்று உழைத்துக் களைத்தவர்களே அதிகம். விடியும் முன்பே வேலை அங்கேதான் கிடைக்கும். வாடகைக்கு வீடு பிடிப்பதென்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும், முன்பணமும் வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அதே தெருவோரத்தில் வாழும் குடும்பங்களும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவருக்குச் சொந்த ஊரில் வீடு இருக்கும். உள்ளே படுத்திருக்கும் மனைவிக்குத் துணையாக வந்திருப்பார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை, தலைவர்கள் பிறந்தநாள் என்றால் ஒரே தெருவுக்கு நான்கு வண்டி வரும். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றும் வராது. கொடுப்பவருக்கு எந்த நாள் வசதி என்பதை வைத்துப் பசி வருவதில்லையே! வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எந்த நாள் போனாலும் சோறு உண்டு என்ற நிச்சயம் அங்கே இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தபோது ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதமும் கிடைத்தன. கையில் சில்லறை இருக்கிறவர் எங்கள் வண்டிக்குக் காத்திருக்காமல் அங்கே போய் வரிசையில் நிற்பார். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. நீங்களும் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, மதியம் வடித்த சாதத்தை இரவு கொண்டுபோகாதீர்கள். சென்னை வெயிலில் சூடு ஆறிய சாம்பார் சாதம் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் கழிப்பறை இல்லாதவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். இதே காரணத்துக்காக இரவில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் கட்டணக் கழிப்பறை திறந்த பிறகு சாப்பிடுவதாக ஒரு அம்மா சொன்னார். அவருக்குப் பசி இல்லாமல் இல்லை. போக இடம் இல்லை, அதனால் வயிற்றைக் காயப்போடுகிறார். எத்தனை பொட்டலம் கொண்டுபோனாலும் அவருடைய சிக்கல் அப்படியே இருக்கும்.

பசியும் வீடின்மையும் ஒரே பிரச்சினை என்பதை இந்த நாட்டின் நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் உணவு உரிமை வழக்கு தொடுத்தது. பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு வந்தது அந்த வழக்கில்தான். அதே வழக்கில் 2010-இல் டெல்லிக் குளிரில் தெருவில் கிடப்பவர்களின் நிலை நீதிமன்றத்தின் முன் வந்தது. பெரிய நகரங்களில் மக்கள்தொகையில் 1 லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றவர்கள் தங்கக் காப்பகம் வேண்டும், அது வருடம் முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். சென்னை மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு எனத் தனித்தனியாக இருக்கின்றன. நோயாளிகளின் துணைக்கு வந்தவர்களுக்கும் சில உண்டு. போதாதுதான். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அதற்கு அடுத்த தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

காப்பகத்தில் கூரையும் பாயும் மட்டும் கிடைப்பதில்லை, முகவரியும் கிடைக்கிறது. ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று எங்கே போனாலும் முகவரி கேட்கிறார்கள். எங்கள் குழுவில் இப்போது பாதி வேலை இதுதான்: விண்ணப்பம் எழுதுவது, கூடவே போய் நிற்பது, திருப்பி அனுப்பினால் மறுபடி போவது. கைதட்டு வாங்கும் வேலை இல்லை. ஆனால் ரேஷன் அரிசி ஒருமுறை வர ஆரம்பித்துவிட்டால் மாதாமாதம் வரும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. அந்த இரவில் வேலைக்குப் போனவர், பயந்து படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கிய பெண், மேம்பாலத்தின் மறுபக்கம் இருந்தவர் எல்லாம் அதில் வந்திருப்பார்களா? அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். பொட்டலம் கொடுக்கப் போகும் தெருக்களில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று இப்போதிருந்தே குறித்துவையுங்கள். பெயர் வேண்டாம், இடமும் நேரமும் போதும். எண்ண வருகிறவர்களுக்கு வழிகாட்ட உங்களைப் போன்றவர்கள் வேண்டும். வருவதற்கு விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பேராசிரியரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.