சேர்ந்து மாறும் எண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பிள்ளையின் உயரம் ஓர் எண், எடை இன்னோர் எண். ஒரே ஆளிடம் எடுத்த இரண்டு அளவுகள். இப்படி இரட்டை இரட்டையாக வருவதுதான் இருமாறித் தரவு. ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா என்பதைச் சொல்வது ஒட்டுறவு. அதை அளக்கும் ஒட்டுறவுக் கெழு, மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும். ஒன்றை வைத்து மற்றதைக் கணிப்பது தொடர்புப் போக்கு.

இதற்கு ஆங்கிலத்தில் ரெக்ரஷன் என்று பெயர். பின்னோக்கிப் போவது என்று பொருள். கணிப்புக்கு எதற்கு இந்தப் பெயர்? மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கிக்கொண்டார், ஆண்களோடு சேர்த்துக் கணக்கிட. பெற்றோர், பொதுவான சராசரியைவிட 3 அங்குலம் உயரம் என்றால், பிள்ளைகள் ஏறத்தாழ 2 அங்குலம்தான் கூடுதல். உயரமானவர்களின் பிள்ளைகளும் உயரம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள். பெயர் வந்தது அங்கிருந்துதான்.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவார்களா? மாட்டார்கள். கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். 3 அங்குலம் கூடுதலான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பெற்றோரைப் பார்த்தால், ஏறத்தாழ 1 அங்குலம்தான் கூடுதல்! பிள்ளையின் உயரம் பெற்றோரின் உயரத்தை மாற்ற முடியுமா? முடியாது. ஆனாலும் சராசரிக்குத் திரும்புவது அங்கேயும் நடக்கிறது. ஒட்டுறவுக் கெழு சரியாக 1 அல்லது மைனஸ் 1 ஆக இல்லாத எந்த இரட்டை அளவிலும், எந்தப் பக்கமிருந்து கணித்தாலும், இது நடக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கணிக்க முடிகிறது என்பதால் காரணம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. போன தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் அடுத்த தேர்வில் கொஞ்சம் தேறினால், திட்டியதால் தேறினார்கள் என்று நினைக்கிறோம். திட்டாமல் விட்டிருந்தாலும் சராசரியாகக் கொஞ்சம் தேறியிருப்பார்கள். குழந்தைகளை வளர்ப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இரண்டு விகிதங்களையும், மூன்றில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும், பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.47 வரும். ஒட்டுறவுக் கெழு அதுதான். இரண்டு திசைக் கணிப்பும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் இன்னோர் அளவான உடன்மாறுபாடு பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கெழு பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நேர்கோட்டுத் தொடர்பு இல்லை, அவ்வளவுதான். மேலே எறிந்த பந்து ஏறி இறங்கிக் கைக்கு வரும்வரை, சம இடைவெளியில் நேரத்தையும் உயரத்தையும் குறித்துப் பாருங்கள். கெழு பூச்சியம். ஆனால் பந்து எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். வணக்கம்.